பிள்ளையாரின் எலியும் பைரவரின் நாயும்: நம்ம புலனக் குழுக்களுக்கு ஒரு பதில்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பாதியில் கோபம் வந்தாலும் பரவாயில்லை, முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

கொஞ்ச நாளா நம்ம கோயில் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு வெள்ளைச் சுண்டெலி படம். அதுக்குக் கீழே, பிள்ளையாரின் வாகனத்தைக் கொன்று செய்யும் மருந்து இந்துக்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு வரும் தசைநலிவு நோய் முன்வினைப் பயன், பரிகாரம் செய்தால் போதும், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கு. அதுக்குக் கீழே வரிசையா கும்பிடும் கைகள்.

நாங்கள் பினாங்கில் கோயில் தொண்டு செய்கிறவர்கள். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறோம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், திருவிழா முடிந்தால் குப்பை கூட்டுகிறோம். மற்ற நாளில் எங்களில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. டாக்டர் இல்லை, விஞ்ஞானி இல்லை, பலர் எஸ்.பி.எம். வரைதான். ஆனால் எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். அவர் மகனுக்கு டுஷென் தசைநலிவு. அந்தச் செய்தி வந்த ராத்திரியே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறிட்டார். கும்பிடும் கை போட்ட யாருமே அதைக் கவனிக்கல. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் நோய் என்னன்னு தெரிஞ்சிக்குங்க. டுஷென் என்பது 1860-களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு டாக்டரின் பெயர். ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தையில் ஒருத்தருக்கு வரும். நம்ம தசைக்குள்ளே டிஸ்ட்ரோஃபின் என்று ஒரு புரதம் இருக்கு. மின்சார வயரை இழுத்தாலும் உள்ளே பிய்ந்துபோகாமல் இருக்க, வயர் நுழையும் இடத்தில் ஒரு பிடிப்பு போடுவோமே, அந்த மாதிரி வேலை செய்யும் புரதம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தசை இழுபடும்போதும் கொஞ்சம் கொஞ்சமா கிழியும். மூணு வயசு, நாலு வயசில் படியேறக் கஷ்டப்படுவான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுவான். கெண்டைக்கால் மட்டும் பெரிசா தெரியும். பத்து, பன்னிரண்டு வயசுக்குள் பெரும்பாலும் சக்கர நாற்காலி. மூட்டுகள் மடங்கி இறுகும். பிறகு இதயம், மூச்சு.

இந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. அம்மாவிடம் இரண்டு எக்ஸ், ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும். மகனிடம் ஒன்றுதான். அதனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமலே மகனுக்கு வரலாம். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அம்மாவிடம்கூட அந்தப் பழுது இருக்காது. புதுசா அந்தப் பிள்ளையிலேயே உண்டாகியிருக்கும்.

இப்போ முன்வினைக்கு வருவோம். 1984-ல் பிரிட்டனில் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளில் சிலதுக்குத் தசை நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் ஊசி போட்டு உண்டாக்கல. ரத்தப் பரிசோதனையில் தசை என்சைம் கூடுதலா இருந்ததைப் பார்த்து, தானாகவே வந்த பழுது என்று தெரிஞ்சிக்கிட்டாங்க. எம்.டி.எக்ஸ். எலி என்று பெயர் வைத்தார்கள். அடுத்து கோல்டன் ரிட்ரீவர் ஜாதி நாய்களில் சிலதுக்கும் இதே நோய். அந்த நாய்களிலும் அதே டிஸ்ட்ரோஃபின் இல்லை என்று 1988-ல் உறுதியானது. அதுக்கும் முன்னாடி, 1956-ல், கலிபோர்னியாவில் ஒரு கோழி வம்சத்தில் பரம்பரைத் தசைநலிவு இருப்பதை எழுதி வைத்தார்கள். அது வேறு ஜீன். ஆனால் மல்லாக்கப் போட்டால் புரண்டு எழ முடியாத கோழிகள்.

பிள்ளையாரின் எலி, பைரவரின் நாய், முருகனின் சேவல். மூன்று ஜீவனுக்கும் தசைநலிவு வந்திருக்கு. அந்த எலி போன பிறவியில் யார் குடியைக் கெடுத்தது? அந்த நாய் எந்தக் கோயில் சொத்தைத் தின்றது? பதில் சொல்லுங்க. ஒரு ஜீனில் ஒரு எழுத்து மாறினால் எலிக்கும் வரும், நாய்க்கும் வரும், நம்ம பிள்ளைக்கும் வரும். பினாங்கில் மலாய்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் வரும். இதைத் தாயின் பாவம் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் அந்த மூன்று வாயில்லா ஜீவன்களிடமே இருக்கு.

அடுத்தது, எலியைக் கொன்று செய்யும் மருந்து வேண்டாம் என்பது. சரி, நம்ம வீட்டுக் கணக்கை முதலில் பார்ப்போம். இந்தச் செய்தியை அனுப்பியவர்களில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சாப்பிடாதவர் எத்தனை பேர்? நம்மூர் கோயில் ஸ்டோரில் அரிசி மூட்டைக்குப் பின்னால் எலிப்பசை அட்டை வைக்காத இடம் எத்தனை? அந்த அட்டையில் ஒட்டிய எலி உடனே சாகாது. ராத்திரி முழுக்கத் தோலைப் பிய்த்துக்கொண்டு கத்தும். காலையில் அட்டையோடு மடித்துக் குப்பையில் போடுவார்கள். அதுவும் பிள்ளையாரின் வாகனம்தான். அதுக்கு யாரும் செய்தி அனுப்பல. பிள்ளைக்கு மருந்து என்றால் மட்டும் அகிம்சை ஞாபகம் வருது. முழுச் சைவமாக வாழ்ந்து, எறும்புக்கும் வழி விடுகிறவர்கள் பேசினால் தலை வணங்கிக் கேட்போம். மற்றவர்கள் கொஞ்சம் யோசிச்சுப் பேசணும்.

எலி செய்த நன்மையையும் ஒழுங்கா சொல்லணும். முதுகெலும்புத் தசைச் சிதைவு என்று இன்னொரு பரம்பரை நோய், சுருக்கமா எஸ்.எம்.ஏ. நரம்பு செத்துத் தசை வாடிப்போகும். கடுமையான வகை வந்த குழந்தைகள் மூச்சுக் கருவி இல்லாமல் பெரும்பாலும் இரண்டு வயசைத் தாண்டாது. 2000-ல் மனிதனுடைய ஒரு ஜீனை எலிக்குள் வைத்து, இதே நோய் வரும் எலியை உண்டாக்கினார்கள். பிறகு அதிலிருந்து உண்டாக்கிய ஒரு வகை எலி ஏறக்குறைய 15 நாளில் செத்துப்போகும். 2010-ல் அமெரிக்காவில் ஒரு குழு சரியான ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி அந்த எலிக்குட்டிக்குப் போட்டது. 250 நாளைத் தாண்டி வாழ்ந்தது. அதே வழியில் வந்த ஊசி 2019-ல் குழந்தைகளுக்கு அனுமதியானது. உட்கார மாட்டாது என்று சொன்ன குழந்தைகள் உட்கார்ந்தன, சிலது நடந்தன. தமிழ்நாட்டில் 16 கோடி ரூபாய் ஊசி என்று ஊரெல்லாம் காசு திரட்டிய செய்தி 2021-ல் நம்ம புலனத்திலும் வந்ததே, அந்த ஊசிதான். அப்போ உண்டியல் படத்துக்குக் கும்பிடும் கை போட்டவர்கள்தான் இப்போ எலி படத்துக்கும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே மருந்தின் கதை என்று தெரியாமலே.

ஆனால் நாங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வக்காலத்து வாங்க வரல. எதிர்ப்பக்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கு.

2010-ல் மலாக்காவில், ஒரு இந்தியக் கம்பெனி சேர்ந்து விலங்குப் பரிசோதனைக் கூடம் கட்டப்போவதாகச் செய்தி வந்தது ஞாபகம் இருக்கா? அது பொதுவா மருந்துகளைச் சோதிக்கும் கூடம். எதிர்ப்புக் கிளம்பியபோது அப்போதைய மலாக்கா முதலமைச்சர், எலியையும் குரங்கையும் மனிதனுக்குப் பயன்படத்தான் இறைவன் படைத்தான் என்ற பொருளில் பேசினார். எங்களுக்கு அந்தப் பேச்சும் இந்தப் புலனச் செய்தியும் ஒன்றாகத்தான் படுது. ஒருவர் கடவுள் பெயரைச் சொல்லிப் பிள்ளையை மறக்கச் சொல்கிறார். இன்னொருவர் கடவுள் பெயரைச் சொல்லிப் பிராணியை மறக்கச் சொல்கிறார். இரண்டு பேருமே கணக்குக் கேட்காதே என்கிறார்கள்.

நாங்கள் கணக்குக் கேட்கிறவர்கள். தொழிற்சாலையில் எங்கள் பிழைப்பே அதுதான். ஒரு பொருளை உடைத்துப் பார்க்கும் சோதனைக்கு நூறு பீஸ் எடுத்தால் நூறுக்கும் ஃபாரம் எழுதணும். எதுக்கு எடுத்தோம், என்ன தெரிஞ்சது, ஏன் இத்தனை, குறைச்சு எடுத்திருக்க முடியாதா? வெறும் பிளாஸ்டிக்குக்கே இந்தக் கேள்வி. உயிருக்கு எத்தனை கேள்வி கேட்கணும்?

முதல் கேள்வி, சோதிக்கிற மாதிரி நிஜத்தைப் போல இருக்கா? தொழிற்சாலையில் டெஸ்ட் மேசையில் பாஸ் ஆகிற பீஸ் வாடிக்கையாளர் கையில் ஃபெயில் ஆனால், முதலில் மேசையைத்தான் சந்தேகப்படுவோம். எம்.டி.எக்ஸ். எலியின் கதையும் அதுதான். அதுக்கும் டிஸ்ட்ரோஃபின் இல்லை, ஆனால் ஓடியாடிக்கிட்டு இருக்கும். எலியின் தசை கிழிஞ்சாலும் திரும்ப வளரும் சக்தி அதிகம், வேற ஒரு புரதமும் கை கொடுக்கும். ஆயுசும் ரொம்பக் குறையாது. நம்ம பையனோ பன்னிரண்டு வயசில் நாற்காலியில். அந்த எலியில் நல்லா வேலை செய்த மருந்துகள் பையன்களிடம் தோற்றுப்போனது உண்மை. 2018-ல் மட்டும் இரண்டு மருந்துச் சோதனைகளை இப்படிப் பாதியில் கைவிட்டார்கள். ஒன்று ஃபைசர் கம்பெனியின் டோமாக்ரோஸுமாப், இன்னொன்று எஸுட்ரோமிட். ஊசிக்கு ஊசி கை நீட்டிய பையன்களும், நம்பிக்கையோடு காத்திருந்த தாய்களும் பட்டதை யார் எழுதுவது?

இன்னொன்றும் சொல்லணும். இந்தப் பிள்ளைகள் நடக்கும் காலத்தை நீட்டும் ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்யும் என்று 1989-ல் உறுதியானது எலியில் இல்லை. பையன்களிடமே கவனமாகச் சோதித்துத்தான். எல்லா நல்ல மருந்தும் எலியிலிருந்துதான் வந்தது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீங்க. 2023-ல் அமெரிக்காவில் டுஷென் நோய்க்கு ஒரு ஜீன் மருந்து அனுமதியானது. விலை 30 லட்சம் டாலருக்கு மேல். அதுவும் எலியைத் தாண்டி வந்ததுதான். ஆனாலும் 2025-ல் சக்கர நாற்காலியில் இருந்த இரண்டு பிள்ளைகள் அந்த மருந்துக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார்கள். எலி பாஸ் பண்ணிய சோதனை பிள்ளைக்கும் பாஸ் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

நாய் விஷயம் இன்னும் கனமானது. நோயுள்ள கோல்டன் ரிட்ரீவர் எலி மாதிரி இல்லை. நம்ம பையன் மாதிரியே நடை தளரும், மூட்டு இறுகும், விழுங்கக் கஷ்டப்படும், மூச்சு வாங்கும். அதனால் ஆய்வுக்கு அது பொருத்தம். அதே காரணத்தால் அது படும் பாடும் பெரிசு. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இந்த நாய்களை வளர்த்தார்கள். 2016 டிசம்பரில் ஒரு விலங்குரிமை அமைப்பு அந்த நாய்களின் வீடியோவை வெளியிட்டது. எச்சில் ஒழுக, கஞ்சியை நக்கவே கஷ்டப்படும் நாய்கள். எதிர்ப்பு ஓயவே இல்லை. 2019-ல் நோயுள்ள நாய்க்குட்டிகளை இனப்பெருக்கம் செய்வதை அந்தப் பல்கலைக்கழகம் நிறுத்திவிட்டது. குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் அவர்கள் பெயர் சொல்லி, தேதி சொல்லி, இந்தக் கூடத்தில் இந்த நாய் என்று காட்டிக் கேட்டார்கள். பிள்ளையைப் பெற்றவளைப் பாவி என்று சொல்லல.

இதே ஜாதி நாயில் இன்னொரு செய்தியும் இருக்கு. பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் ரிங்கோ என்று ஒரு நாய். டிஸ்ட்ரோஃபின் சுத்தமா இல்லை, ஆனாலும் ஓடி விளையாடி, குட்டிகளுக்குத் தகப்பனாகி, 11 வயசு வரை வாழ்ந்தது. ஏன் என்று தேடியபோது ஜாகெட்-1 என்ற இன்னொரு புரதம் அதன் தசையில் கூடுதலாக இருப்பதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். நோயை மீறி நல்லா இருந்த ஒரு நாயைக் கவனித்துப் பார்த்ததில் கிடைத்த பாடம் அது. பிராணியிடம் கற்றுக்கொள்ள எப்போதும் அதை வதைக்க வேண்டியது இல்லை.

அப்போ நம்ம நிலை என்ன? நம்மவர் ஒருவரையே உதாரணம் சொல்கிறோம். கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக எல்லாருக்கும் தெரியும். இந்திய மேலவை உறுப்பினராக இருந்தபோது, 1950-களில், பிராணிகள் வதைத் தடுப்புக்காக மசோதா கொண்டுவந்து வாதாடியவர் அவர்தான். அதன் தொடர்ச்சியாகத்தான் 1960-ல் இந்தியாவில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஆய்வை முழுசா தடை செய்யல. ஆய்வு செய்யலாம், ஆனால் தேவையில்லாத வேதனை கூடாது, அதைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்றது. நம்ம நாட்டிலும் விலங்கு நலச் சட்டம் 2015-ல் நிறைவேறியது. ஆய்வுக்குப் பிராணியைப் பயன்படுத்த இங்கேயும் உரிமம் வேண்டும், கண்காணிக்கும் குழு வேண்டும். வதைத்தால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. சட்டம் இருக்கு. அதைக் காட்டிக் கேட்க ஆள்தான் இல்லை. நாம் எல்லாரும் எலி படம் அனுப்பிக்கிட்டு இருக்கோம்.

கேட்க வேண்டியதைச் சொல்கிறோம், எழுதி வச்சிக்குங்க. இந்தச் சோதனைக்கு வேறு வழி இருக்கா? இப்போ நோயாளியின் தோலிலிருந்தே செல் எடுத்துத் தட்டில் தசையாக வளர்த்து மருந்தைச் சோதிக்கிறார்கள். புது மருந்துக்குப் பிராணிச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 கடைசியில் எடுத்துவிட்டது. அது முடியாத இடத்தில், எத்தனை பிராணி, ஏன் அத்தனை? வலிக்கு மருந்து கொடுக்கிறார்களா? அந்தப் பிராணியின் நோய் நிஜமாகவே மனிதனின் நோயைப் போல இருக்கா? சோதனை தோற்றாலும் முடிவை வெளியிடுகிறார்களா? இல்லாவிட்டால் அதே தப்பை இன்னொரு கூடத்தில் இன்னொரு நூறு எலிகளை வைத்துத் திரும்பச் செய்வார்கள். எலிக்கே இவ்வளவு என்றால், நாய்க்கு இதைப்போல் பத்து மடங்கு கேட்கணும். எலியால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு மட்டும்தான் நாயிடம் போகணும். நோய் வருவதற்கென்றே நாயைப் பிறப்பிக்கும் வழக்கம் முடிந்துபோகணும் என்பது எங்கள் ஆசை.

எல்லாவற்றையும் விட முக்கியமா ஒன்று. அந்த ஜீவன்கள் கொடுத்தது கொடுத்தாச்சு. நாற்பது வருஷமா கொடுத்திருக்கு. அதிலிருந்து கிடைத்த அறிவை நம்ம பிள்ளைகளுக்குப் பயன்படுத்தாமல் பரிகாரம் போதும் என்று உட்கார்ந்தால், அந்த எலிகள் செத்தது வீண். அதைவிடப் பெரிய பாவம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அதனால் குடும்பங்களுக்கு. பையன் மூணு, நாலு வயசில் படியேற முடியாமல், தொடையில் கை ஊன்றி எழுந்தால், நுனிக்காலில் நடந்தால், சோம்பேறி என்று திட்டாதீங்க. கிளினிக்கில் தசை என்சைமைப் பார்க்கும் சி.கே. ரத்தப் பரிசோதனை கேளுங்க. கல்லீரல் ரிப்போர்ட்டில் நம்பர் ஏறியிருக்கு என்று சொன்னால், தசையிலிருந்தும் அந்த நம்பர் ஏறும், அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. உறுதியானால் அம்மா, அக்கா, தங்கை, சித்தி எல்லாரும் மரபணு ஆலோசனை கேட்கணும். இது குற்றவாளியைத் தேட இல்லை, அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற. பூஜை செய்யுங்க, நாங்களே அர்ச்சனைத் தட்டு தருகிறோம். மாத்திரையையும் உடற்பயிற்சியையும் நிறுத்தாமல் பூஜை செய்யுங்க.

கோயில் கமிட்டிகளுக்கு. தண்ணீர்மலையில் 513 படி ஏறி முருகனைப் பார்ப்பதில் நமக்கு எவ்வளவு பெருமை. ஒரு படிகூட ஏற முடியாத பிள்ளையும் அவன் பிள்ளைதான். எந்தக் கோயிலாக இருந்தாலும் வாசலில் ஒரு சாய்தளம் போடுங்க. உபயக்காரர் பெயரைக் கல்வெட்டில் போட இடம் தேடுகிறீர்களே, அந்தச் சாய்தளத்தில் போடுங்க. ஸ்டோரில் இருக்கும் எலிப்பசை அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரிசியை மூடியுள்ள டிரம்மில் வையுங்க. எலிமேல் நிஜமாகவே பக்தி இருந்தால் அங்கேயிருந்து ஆரம்பிங்க.

குழு அட்மின்களுக்கு. அந்தச் செய்தி இன்னும் உங்கள் குழுவில் இருந்தால் இன்றைக்கே அழிங்க. திரும்ப யாராவது அனுப்பினால் கும்பிடும் கை போடாதீங்க, இந்தப் பதிவைப் போடுங்க. உங்கள் குழுவிலும் வாய் திறக்காமல் படிச்சிக்கிட்டு இருக்கும் ஒரு தாய் இருக்கலாம். தசைநோய் பற்றி இந்தக் குழுவில் ஒரு நியாயமான வார்த்தையாவது வந்தது என்று அவருக்குத் தெரியட்டும்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்க. மரியாதையா எழுதினால் மரியாதையா பதில் வரும். முன்வினை என்று எழுதுகிறவர்கள் மட்டும், முதலில் அந்த எலியின் முன்வினை என்னவென்று எழுதிவிட்டு ஆரம்பிங்க.